பீரோவில் பழுக்கும் இலைகள்

1

ஐந்து ஐம்பதுக்கு எழுகிறேன். கீசரைப் போடுகிறேன். உள்ளறை பீரோவைத் திறந்து, கதவின் உட்புறம் மாட்டியிருக்கும் மானியைப் பார்க்கிறேன். இன்று வெப்பம் 31, ஈரப்பதம் 74. ஜன்னலுக்கு வெளியே 15 டிகிரி. பீரோவின் அடித்தட்டில் அறுபது வாட் குண்டு பல்பு எரிகிறது. அதன் மேலே கம்பியில் கிடக்கும் டவலை எடுத்து, வாளியில் நனைத்து, பிழிந்து, திரும்பவும் போடுகிறேன். புடவை ஹேங்கர்களில் புகையிலை தொங்குகிறது. ஹேங்கருக்கு நான்கு இலை, பதினோரு ஹேங்கர். நேரத்தையும் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுகிறேன். பீரோவைச் சாத்துகிறேன். குளிக்கிறேன். காபி போடுகிறேன். இரவுச் சாதம் மீந்திருந்தால் தயிர் ஊற்றிச் சாப்பிடுகிறேன், இல்லாவிட்டால் பிரெட். ஆறு ஐம்பதுக்கு அல்சூரில் மெட்ரோ. மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யா.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேற்று மெஜஸ்டிக் படிக்கட்டில் இறங்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கே.ஜி.எஃப்பிலிருந்து என் மாமனார் ஆரோக்கியசாமி.

“மாப்ள, கல்லுக்காரன் கேக்கறான். நம்ம லீனா கடைசியா சொன்னாளே, அத்த எழுத்துல அனுப்பணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள அனுப்பிருங்க. சனிக்கெழம உளி வெக்கிறானாம்.”

லீனா என் மனைவி. வருகிற ஜனவரியோடு அவள் இறந்து ஒரு வருடம். கல்லறையில் கறுப்பு கிரானைட் வைக்கிறார்கள். பெயர், பிறப்பு, இறப்பு, அதற்குக் கீழே அவளுடைய கடைசி வார்த்தை. அப்படி ஒரு வாக்கியத்தை மாமாவிடம் நான்தான் சொன்னேன். அது பொய். அவள் அப்படிச் சொல்லவில்லை.

இன்று செவ்வாய். வெள்ளிக்குள் ஒரு வரி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரியை எழுத முடியாததால் இத்தனை வரிகள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘பெங்களூர் குளிர் புகையிலைக்கு ஆகாது.’ உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கியதும் அது தோட்டக்கலைக் கட்டுரையாகப் போய், இரண்டு பக்கத்துக்கு மண்கலவை பற்றிப் பேசியது. நிறுத்தினேன்.

‘அவள் போன பிறகும் இலைகள் பழுத்துக்கொண்டுதான் இருந்தன.’ அழகாக இருந்தது. அதனால் அடித்தேன்.

‘அன்று காலை லீனா —’

இதை ஒன்பது முறை தொடங்கியிருக்கிறேன். கோட்டுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவைக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்திரசேகரன், முப்பத்து மூன்று வயது, சொந்த ஊர் குடியாத்தம். படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். பீன்யாவில் ஒரு கேலிபரேஷன் லேபில் வேலை. கம்பெனிகள் தங்கள் வெப்பமானி, ஈரப்பதமானிகளை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைப் பழுதுபார்ப்பதில்லை. எங்கள் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று பார்த்து, அந்த அளவைச் சான்றிதழில் எழுதி அனுப்பிவிடுவோம். தப்பாகவே காட்டட்டும், எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும் என்பது தொழில்.

(இந்தப் பத்தியை விக்கி படித்துவிட்டு, “சூப்பர் குரு, தத்துவம்!” என்றான். விக்கி என் பக்கத்து மேஜை. தத்துவம் இல்லை. வேலை அதுதான்.)

3

லீனா ஒரு பி.யூ. கல்லூரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தாள். மாமா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலில் வந்து பெங்களூரில் செக்யூரிட்டியாக இருந்தவர். பதினேழு வயதிலிருந்து புகையிலை போட்டுவந்தவர். வாயில் வெள்ளையாகத் தடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மாமா டாக்டரை மாற்றினார்.

“அவர் விடமாட்டார் சேகர். நான் சொல்லி விடப்போறாரா?”

“அதுக்கு நீயே வளத்துக் குடுப்பியா?”

“கடையில விக்கறதுல இன்னான்னமோ கலரு, சென்ட்டு. இன்னா திங்கறாருன்னாவது நமக்குத் தெரியும்ல?”

“விஷத்த ஆர்கானிக்கா குடுக்கறேங்கற.”

“ஆமாய்யா. ஹோம்மேட் விஷம். லேபிள் ஒட்டித் தரேன், இன்னா இப்ப?”

அவளோடு வேலை பார்த்த, புகையிலை விளையும் ஹுன்சூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பேப்பர் பொட்டலத்தில் விதை கொடுத்தார். கசகசாவைவிடப் பொடி. பொட்டலத்தைப் பிரிக்கும்போது என்னை மூச்சுவிடாதே என்றாள். மண்ணுக்கு மேலே தூவ வேண்டும், மூடக் கூடாது. அந்த விதைக்கு வெளிச்சமும் சூடும் வேண்டும். அது போன வருட ஜூலை. பெங்களூரில் ஜூலைக்கு வெயில் கிடையாது. தூறல், காற்று, ஸ்வெட்டர். பத்து நாள் ஒன்றும் முளைக்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தாள். அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். டிவி பார்க்காதபோதும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் பச்சையாக ஒரு பூஞ்சை படர்ந்த மாதிரி தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை.

மொட்டைமாடியில் பதினான்கு செடி. அக்டோபரில் என் மார்பு உயரம். பூ வரும் நுனியை ஒடித்துவிட வேண்டும், அப்போதுதான் சத்து இலைக்கு இறங்கும். பதின்மூன்றை ஒடித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று கண்ணில் படாமல் பூத்து விதைத்துவிட்டது.*

* இப்போது பீரோவில் தொங்குவது அந்த விதையில் வந்தது. இந்த ஜூலையில் நான் போட்டேன். மாமா புகையிலையை விட்டு ஒரு வருடமாகப்போகிறது. நான் எந்தப் பழக்கமும் இல்லாதவன். கதாநாயகன் ஏன் இதை வளர்க்கிறான் என்று வாசகர் கேட்பார். ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். வரவில்லை.

4

பறித்த இலையை வெறுமனே காயப்போட்டால் புகையிலை ஆகாது. பச்சையாகவே காய்ந்து வைக்கோல் ஆகும். பறித்த பிறகும் இலை சில நாள் உயிரோடு இருக்க வேண்டும். தன்னிடம் இருக்கிற மாவுச்சத்தைத் தானே தின்று தீர்த்து, மஞ்சளாகி, பிறகுதான் பழுப்பாகிச் சாக வேண்டும். அதுவரை அதற்குச் சூடும் ஈரமும் வேண்டும். குளிரில் அந்த வேலை நின்றுபோகும்.

(இதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாவரவியல். லீனா சொன்னது.)

முதலில் பறித்ததை மாடிப்படி அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பாதி பச்சையாகவே காய்ந்தது, பாதியில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அடுத்த முறை பீரோ. கல்யாணத்துக்கு மாமா கே.ஜி.எஃப்பிலிருந்து டெம்போவில் ஏற்றி அனுப்பிய இரும்பு பீரோ. லீனா புடவைகளை சூட்கேஸில் அடைத்துவிட்டு, பல்பும் டவலும் அவளே பொருத்தினாள். மானி நான் லேபிலிருந்து கொண்டு வந்தது. ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன கருவி. ஈரப்பதத்தை நான்கு கூட்டிக் காட்டும். அதன் மேல் ‘நான்கைக் கழி’ என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு சொர்ணம்மா மேலே வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான்.

“ஏன் பாப்பா, வீட்ல என்ன பீடி கம்பெனியா நடத்துறீங்க? படி ஏறினா தல கிர்ருங்குது.”

“ஐயோ ஆன்ட்டி, ஊதுபத்தி எக்ஸ்பெரிமென்ட்டு. காலேஜுக்கு.”

“எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் பீடி குடிச்சாரு. என்கிட்டயே ஊதுபத்திங்கறியா?”

லீனா பீரோவைத் திறந்து காட்டினாள். சொர்ணம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனதும் எனக்கு ரெண்டு எல குடு. கடவாப் பல்லு வலிக்குது” என்றார்.

5

இந்தப் பகுதியில் ஒரு தப்பு நடக்கிறது. சிரிப்பான தப்பு. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

நவம்பர், ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாகப் புயல் மழை. அடி இலைகள் மஞ்சள் தட்டிவிட்டன, அழுகிவிடும் என்று லீனா தூறலிலேயே மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பறித்தாள். ஈர இலையைக் கைநிறைய அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பத்து மணிக்கு வாந்தி. முகம் வெளுத்து, வியர்த்து, தலை சுற்றுகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் வாந்தி என்பதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். டெஸ்ட் வாங்கிவர மருந்துக்கடைக்குப் போகும் வழியிலேயே மாமாவுக்கு போன் செய்துவிட்டேன். மறுமுனையில் “ஆண்டவரே” என்றார். பிறகு:

“மாப்ள, அவகிட்ட குடுங்க.”

“வாந்தி எடுத்துக்கிட்டிருக்கா மாமா. நான் வெளியில இருக்கேன்.”

“எடுக்கட்டும், எடுக்கட்டும். நல்லா எடுக்கட்டும்.”

டெஸ்டில் ஒரு கோடுதான். இரண்டாவது டெஸ்டிலும் ஒரு கோடு. சாயங்காலம் வாந்தி நின்று, லீனா கட்டிலில் சாய்ந்தபடி போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“சேகர், கங்கிராஜுலேஷன்ஸ். உன் பொண்டாட்டி வயித்துல நிக்கோடின் வளருது.”

ஈரமான புகையிலை இலையை வெறுங்கையால் தொட்டால் நஞ்சு தோல் வழியாக உள்ளே போகுமாம். தோட்டங்களில் பறிக்கிறவர்களுக்கு இப்படி வருமாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஓய்வெடுத்தால் ஒரு நாளில் சரியாகிவிடும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குள் மாமா மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்து, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் கேக்கும் கொடுத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், “பரவால்ல மாப்ள, குடுத்த பூச குடுத்ததுதான். ஆண்டவரு கணக்குல வெச்சிக்குவாரு” என்றார்.

அன்றிரவு லீனா தன் போனிலிருந்து மாதவிலக்கு நாள் கணக்குப் பார்க்கும் ஆப்பை அழித்தாள். “இனிமே நான் நாளு எண்ண மாட்டேன். டெஸ்ட் எடுக்க மாட்டேன். யார்கிட்டயும் நீயும் வாய் தொறக்காத. வந்தா வரட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை, பறித்த நாளில் அவளுக்குக் குமட்டல் வந்தது. இரண்டு முறையும் கை கழுவி, எலுமிச்சை ஜூஸ் குடித்து, மதியத்துக்குள் சரியானாள். எங்களுக்குள் ஒரு கேலி உண்டாயிற்று. அவள் வயிற்றைப் பிடித்தால், “இலையா, பிள்ளையா?” என்று நான் கேட்பேன். “இலைதான் முதலாளி” என்பாள்.

அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவன் நான். இதை எழுதிவைக்க வேண்டும்.

6

புதன்கிழமை. இதுவரை எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் விக்கியிடம் கொடுத்தேன். டிபன் பாக்ஸை மூடாமலே படித்தான்.

“குரு, கோச்சுக்காத. பொண்ணு ரொம்ப ஜாலியா இருக்கா. நம்பற மாதிரி இல்ல.”

“அப்படித்தான் இருந்தா.”

“எப்பவுமா?”

இல்லை. கோபம் வந்தால் நான்கு நாள் பேசமாட்டாள். என் அம்மா வந்து தங்கும் நாட்களில் கல்லூரியிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வருவாள். அவள் விடைத்தாள் திருத்தும்போது நான் குறுக்கே நடந்தால் பேனாவை மேஜையில் எறிவாள். அவளுக்கு நல்ல வசனங்களை மட்டும் கொடுத்துவிட்டேன். செத்தவர்களை எழுதும்போது இப்படி ஆகிவிடுகிறது. திருத்தலாம்தான். திருத்த மனமில்லை.

“இன்னொண்ணு. நீ எங்க குரு இதுல? நீ வெறும் மீட்டர் பாத்துக்கிட்டு நிக்கற.”

“ஏழாவதுல வரேன்” என்றேன்.

“வா, வா. ஓடிப்போயிடாத” என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

7

அன்று காலை லீனா வீட்டில் இருந்தாள். ஜனவரி, செவ்வாய்க்கிழமை. பொதுத்தேர்வுக்கு முன்னால் வைக்கும் பிரிபரேட்டரி பரீட்சைத் தாள் இரண்டு கட்டு திருத்த வேண்டியிருந்தது. நான் கிளம்பும்போது தலை லேசாகக் கனக்கிறது என்றாள். மாடியில் கடைசி இலைகள் மிச்சமிருந்தன. ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு கூடை பறித்திருந்தாள்.

லேபில் அன்று ஆடிட். டெல்லியிலிருந்து ஒருவர் வந்து, நாங்கள் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போன் கூடாது. என்னுடையது பையில் அதிர்ந்தது. மூன்றாம் முறை அதிர்ந்தபோது அனுமதி கேட்டு வெளியே வந்தேன். பதினொன்று இருபது.

“சேகர், மயக்கமா வருது. வாந்தி வேற. வயிறு ஒரு பக்கமா இழுக்குது. தோள்பட்டகூட வலிக்குதுய்யா, இதென்னன்னு தெரியல.”

“இலையா, பிள்ளையா?” என்றேன்.

அவள் ‘முதலாளி’ என்று சொல்லவில்லை.

“கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவு. எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டுப் படு. இங்க ஆடிட்டர் நிக்கறார். லஞ்சுல கூப்பிடறேன்.”

அதற்கு அவள் ஒரு வாக்கியம் சொன்னாள்.

நான் “சரி சரி” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இரைச்சல் இருந்தது, காதில் விழவில்லை என்று எழுதிப் பார்த்தேன். அந்த வராந்தாவில் இரைச்சல் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்டுவிட்டு, உள்ளே போய், 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று அளவுகள் எடுத்தேன். அவற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆடிட்டர் பாராட்டினார்.

ஒன்று பத்துக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துச் சாப்பிட்டேன். ஒன்று நாற்பதுக்கு சொர்ணம்மாவைக் கூப்பிட்டேன். அவர் மேலே போனார். போன் அவர் கையிலேயே இருந்ததால் அவர் கத்தியது எனக்குக் கேட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேரும்போது மூன்றேகால்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கிவிட்டது. ஆறேழு வாரம். குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம். தோள்பட்டை வலித்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது இதன் அடையாளம் என்றார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் —

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

8

மாமா இரவே வந்தார். நான் அவரிடம், வயிற்றில் ரத்தக் கசிவு என்று மட்டும் சொன்னேன். நவம்பரில் ஒரு பேரக்குழந்தையை அவர் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவர். இன்னொன்றைச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை என்று சொன்னால் பேச்சில் அடுத்து அவள் செய்த போன் வரும், அந்த போன் வந்தால் அதை எடுத்த நான் வருவேன்.

மீதியை அவரே கோத்துக்கொண்டார். வாந்தி, மயக்கம், அந்த வீட்டில் இருக்கும் இலை. எனக்காக வளர்த்த இலை என் பெண்ணைக் கொன்றுவிட்டது என்று முடிவுகட்டினார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தூர எறிந்தார். ஐம்பது வருடப் பழக்கம். அதன் பிறகு தொடவில்லை.

அப்போது என் கையைப் பிடித்துக் கேட்டார். “கடைசியா இன்னா மாப்ள சொன்னா? உங்ககிட்டதான பேசனா?”

“அப்பாவத் தனியா விட்டுடாதேன்னு சொன்னா மாமா.”

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வந்துவிட்டது. அதற்கு நான் கட்டுப்படவும் செய்தேன். வருடம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கே.ஜி.எஃப் போகும் மாரிக்குப்பம் பாசஞ்சரில் போய், மத்தியானம் அவரோடு சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புகிறேன். பொய்யாக இருந்தாலும் அது ஒருவருக்கு ஞாயிறுதோறும் சோறுபோட ஆள் கொண்டுவருகிறது. (எனக்கா அவருக்கா என்று கேட்டால், இருவருக்கும்.)

போன ஞாயிறு அவர் மாட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். தட்டில் சோறு போட்டுக்கொண்டே பேசினார்.

“அவ சொன்னத அப்பிடியே போட்ரணும் மாப்ள. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“கல்லுல அது எதுக்கு மாமா? பேரு போதாதா?”

“பேரு எல்லாக் கல்லுலயும் இருக்குது. எனக்காவத்தான வளத்தா? அந்த எலதான அவள எடுத்துது? அப்பவும் என்னிய நெனச்சிக்கினுதான் போயிருக்கறா. நான் போயி அந்தக் கல்லுகிட்ட நின்னா அது என்னிய வையணும். தெனம் வையணும்.”

அந்த வரி அவரை ஆறுதல்படுத்தும் என்று நினைத்துத்தான் ஒரு வருடமாக விட்டுவைத்திருந்தேன். அவர் அதைத் தண்டனையாக வைத்திருக்கிறார்.

“கறி எடுத்துக்குங்க” என்றார். எடுத்துக்கொண்டேன்.

அவள் உண்மையில் சொன்ன வாக்கியத்தை அவர் ஒரு முறை கேட்டால் போதும். அவர் கழுத்திலிருந்து அந்தப் பழி இறங்கிவிடும். இறங்கி எங்கே வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

9

வியாழன். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) பொய்யை அனுப்புகிறான். சனிக்கிழமை உளி விழுகிறது. கிரானைட் நன்றாக இருக்கிறது, எல்லோரும் அழுகிறார்கள். அவன் ஞாயிறுதோறும் போய்வருகிறான். இது நடக்கக்கூடியது. இதுவரை நடந்ததும் இதுதான். கதை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

(ஆ) பெயரையும் தேதிகளையும் மட்டும் அனுப்புகிறான். மாமா போன் செய்கிறார்: “அந்த வரி எங்க மாப்ள?” அவன் சொல்கிறான்: “மாமா, வந்து —”

இதுவும் அந்தக் கோட்டிலேயே வந்து நிற்கிறது.

(இ) ரயிலேறிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். பெரியவர் அவனை அறைகிறார். அல்லது அறையாமல், அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுக்கிறார். மன்னிப்பு. விக்கிக்கு இது பிடித்திருந்தது. “டீ வை குரு, டீதான் கரெக்டு” என்றான். அந்த டீயை எழுதும்போது என் கை எவ்வளவு சுலபமாக ஓடியது என்று பார்த்தேன். நான் எனக்கே போட்டுக்கொள்ளும் டீ அது. கிழித்துவிட்டேன்.

(ஈ) வெள்ளிக்கிழமைக்குள் பெரியவர் இறந்துவிடுகிறார். உண்மை தேவைப்படாமல் போகிறது. இதை நினைத்ததற்காகவே இது இங்கே இருக்கட்டும்.

(உ) கல்லறையில் அவளுடைய உண்மையான வாக்கியமே செதுக்கப்படுகிறது. போகிறவர் வருகிறவர் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் போகிறார்கள். ஒரே ஒருவருக்குப் புரிகிறது. அவர் திரும்பி, பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்.

இதில் அவர் முகத்தை எழுத முயன்றேன். எனக்குத் தெரிந்த எந்த முகமும் அங்கே பொருந்தவில்லை.

10

வெள்ளி. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். வெப்பம் 30, ஈரப்பதம் 71. இலைகளில் நரம்புகூடப் பழுப்பாகிவிட்டது. இனி டவல் வேண்டாம். லேபுக்கு லீவு சொன்னேன். மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணிக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ். “மாப்ள, மறந்துறாதீங்க. கல்லுக்காரன் எனக்கு ரெண்டு தபா போன் போட்டுட்டான். நீங்க சாப்டீங்களா?”

மாமாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். பைபிளும் பேப்பரும் தினமும் படிக்கிறவர். இந்தக் கதை அச்சானால் யாராவது அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கே.ஜி.எஃப்பில் எந்தச் செய்தியும் ஒரு வீட்டில் நிற்பதில்லை. அச்சாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோக வேண்டியிருக்கும். போவேனா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. என்னை ஒரு வருடமாக எனக்குத் தெரியும்.

ஆகையால் இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. மேலே இருக்கும் ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்களுடையது ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லின் முன்னால் அவர் திரும்பும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எனக்கு வரவில்லை.

என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போனை எடுத்து, கல்லுக்காரர் எண்ணுக்கு, அவள் சொன்ன விதத்திலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. நான் கையைக் கழுவச் சொன்னேன் அல்லவா, பதினொன்று இருபதுக்கு, ஆடிட்டர் நிற்கிறார் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு லீனா சொன்னது:

“நான் இன்னிக்கு எலயத் தொடவே இல்லியே, சேகர்.”